தண்ணீர் விடாத பக்கம்

பாப்பா, சின்னவனே, நாலு வருஷத்துக்கு முன்னால் உங்கள் காலாண்டுப் பரீட்சை லீவுக்கு வருகிறேன் என்று சொல்லிவிட்டு அப்பா வராமல் போனது உங்களுக்கு ஞாபகம் இருக்கும். டிக்கெட் கிடைக்கவில்லை என்று சொன்னேன். பாப்பா கோபத்தில் மூன்று நாள் போனுக்கே வரவில்லை. சின்னவன் மட்டும், "அடுத்த ஃப்ளைட்ல ஏறி வாங்கப்பா" என்றான், டவுன் பஸ்ஸைத் தவறவிட்டவனுக்குச் சொல்வது மாதிரி.

டிக்கெட் கிடைக்காமல் இல்லை. நான் செய்த ஒரு காரியத்தால் அந்த லீவு போயிற்று. அந்தக் காரியத்தில் லீவு சின்ன விஷயம். ஒரு மனிதரின் உயிர் அதில் மாட்டிக்கொண்டிருந்தது. இப்போது நீங்கள் இரண்டு பேரும் படித்துப் புரிந்துகொள்ளும் வயசுக்கு வந்துவிட்டீர்கள். நான் பத்தாவதோடு நின்றவன். வரிசையாகச் சொல்ல வருகிறதா பார்க்கிறேன்.

நான் வேலை செய்கிற வீடு ராஸ் அல் கைமாவில், ஊரைத் தாண்டி மணல்மேடு தொடங்குகிற இடத்தில் இருக்கிறது. விசாவில் நான் ஹவுஸ் டிரைவர். ஆனால் வண்டி மட்டும் என் வேலை இல்லை. குழாய் ஒழுகினால், ஏசி நின்றால், பேரீச்சை மரம் வாடினால் எல்லாம் என் தலையில்தான். அர்பாப், அதாவது என் முதலாளி, நல்ல மனிதர். குரலை உயர்த்தவே மாட்டார். அதனாலேயே அவர் முகம் கொஞ்சம் சுருங்கினாலும் நான் என்ன தப்பு செய்தேன் என்று தேட ஆரம்பித்துவிடுவேன்.

அந்தப் பக்கத்தில் சாக்கடை லைன் கிடையாது. வீட்டுக் கழிவெல்லாம் பின்புறம் ஒரு செப்டிக் குழியில் போய் விழும். குழி நிறைந்தால் லாரி வந்து உறிஞ்சிக்கொண்டு போகும். முதலில் மாதம் ஒரு முறை வந்த லாரி, வாரம் ஒரு முறை, பிறகு மூன்று நாளுக்கு ஒரு முறை என்று ஆனது. ஒரு வெள்ளிக்கிழமை மஜ்லிஸ் கூடத்தில் விருந்தாளிகள் உட்கார்ந்திருக்கும்போது நாற்றம் உள்ளே வந்துவிட்டது. மறுநாள் அர்பாப் என்னைக் கூப்பிட்டார்.

"புதுக் குழி வெட்ட ஆள் பார். நல்ல ஆளா பார். அந்த வேலை முடிஞ்சதும் நீ லீவுல போ."

உங்களுக்கு வாங்கிய சாமான் எல்லாம் அப்போதே என் கட்டிலுக்கு அடியில் பெட்டியில் இருந்தது. துபாய் தேராவில் வாங்கிய கலர் பென்சில் டப்பா, பாப்பாவுக்குச் சக்கரம் வைத்த ஸ்கூல் பை. குழி முடிந்தால் ஊர். எனக்கு அவ்வளவுதான் மண்டையில் ஏறியது.

இண்டஸ்ட்ரியல் ஏரியா ஓரத்தில் ஒரு பொட்டல் இருக்கிறது. காலையில் ஜேசிபி வண்டிகள் அங்கே வரிசையாக நிற்கும். வேலை வேண்டியவர்கள் அங்கே போய்ப் பேசிக் கூட்டிவர வேண்டும். ஆறு மணிக்கே போய்விட்டேன். முதல் ஆள் வண்டியை விட்டு இறங்கவே இல்லை. "எவ்வளவு ஆழம்? யல்லா, இன்னைக்கே முடிச்சிடலாம்" என்றார். இரண்டாவது ஆள், முனிசிபாலிட்டி பேப்பர் எதுவும் வேண்டாம், வெள்ளிக்கிழமை தொழுகை நேரத்தில் வெட்டினால் யாரும் பார்க்கமாட்டார்கள் என்று கண்ணடித்தார்.

மூன்றாவது ஆள் தன்னுடைய சாயா கிளாஸைத் தானே கழுவிக்கொண்டிருந்தார். நரைத்த தாடி வைத்த பாகிஸ்தான் பட்டாணி பாய். சொந்தமாக இரண்டு வண்டி வைத்திருந்தார். நான் சொன்னதைக் கேட்டுவிட்டு இந்தியில் ஆரம்பித்தார் பாருங்கள் கேள்வியை. பேப்பர் இருக்கா? கரண்ட் கேபிள் எங்கே போகுது? பழைய குழி எத்தனை அடி தள்ளி? காம்பவுண்ட் சுவர் எவ்வளவு கிட்ட? மண் என்ன மண்? எனக்கு எரிச்சலே வந்துவிட்டது.

"பாய், குழிதானே வெட்டப் போறோம், கல்யாணமா பேசுறோம்?" என்றேன்.

"கல்யாணத்துல தப்பு நடந்தா ரெண்டு பேரும் உயிரோட இருப்பாங்க" என்றார். "நான் வந்து இடத்தைப் பார்க்கிறேன். எனக்கு வேலை கொடுக்காட்டியும் பரவாயில்லை. இடத்தைப் பார்க்காம தோண்டுறவன்கிட்ட மட்டும் கொடுக்காதே."

அந்தப் பேச்சுக்காகத்தான் அவரைப் பிடித்தேன். கேள்வி கேட்கிற ஆள் வேண்டும் என்று தேர்ந்தெடுத்ததும் நான்தான். அவர் கேட்ட கேள்விக்குப் பொய் சொன்னதும் நான்தான்.

சாயங்காலம் வந்து பின்புறம் முழுக்கச் சுற்றினார். இரும்புக் கம்பியை அங்கங்கே குத்திப் பார்த்தார். கிழக்குச் சுவரிலிருந்து நாலடி தள்ளிச் சுண்ணாம்புப் பொடியால் சதுரமாகக் கோடு போட்டார். அதற்கு மேல் இந்தப் பக்கம் வர பழைய குழி இடம் விடவில்லை. பிறகு ஒரு பிடி மணலை அள்ளி இறுக்கிப் பிடித்து, கையை விரித்தார். மணல் விரல் நடுவே ஓடிப் போனது. என் தோளிலிருந்த துண்டை வாங்கி, குழாயில் நனைத்து, இன்னொரு பிடி மணலில் பிழிந்தார். அதைப் பிடித்து விரித்தார். கொழுக்கட்டை மாதிரி கையில் நின்றது.

"இந்த மண்ணுக்குக் கம்பியும் சிமெண்டும் எல்லாம் தண்ணிதான்" என்றார். "வெட்டுறதுக்கு முந்தின நாள் நாலு பக்கமும் ஓஸ் பைப் போட்டுத் தண்ணி விடு. ஒரு பக்கத்துக்கு மூணு மணி நேரம். சுவர்ப் பக்கம் மட்டும் ஒரு மணி நேரம் கூடவே விடு. சுவர் கட்டினப்போ ஒரு தடவை தோண்டி மூடின மண்ணு அது. தூள் மண்ணு. உள்ள ஊறினாத்தான் நிக்கும். ஊறலேன்னா எனக்குச் சொல்லிடு."

"சரி பாய்" என்றேன்.

முனிசிபாலிட்டி பேப்பர் வர நாலு நாள் ஆனது. அந்த நாலு நாளும் அர்பாப் என்னைப் பார்க்கும்போதெல்லாம், "உன் ஆள் ரொம்ப மெதுவு" என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். எனக்குத் தைத்தது.

பேப்பர் வந்தது. வெட்டுவதற்கு முந்தின நாள் காலை பத்து மணிக்கு வடக்குப் பக்கம் ஓஸைப் போட்டேன். ஒரு மணிக்கு மேற்கே மாற்றினேன். நாலு மணிக்குத் தெற்கே. பொழுது சாய்ந்து மஃரிப் பாங்கு சொன்ன பிறகு ஓஸை எடுத்துச் சுவர்ப் பக்கம் போட்டுவிட்டு, தண்ணீர்த் தொட்டியின் மூடியைத் திறந்து பார்த்தேன். ஒரு சாண் தண்ணீர்தான் கிடந்தது.

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். அதற்கு முந்தின வருஷம் ஒரு நாள் நான் மரங்களுக்குத் தண்ணீர் விட்டுவிட்டு மறந்து போனதில் தொட்டி காலியாகிவிட்டது. அதிகாலைத் தொழுகைக்குக் கைகால் கழுவ வந்த அர்பாப், கந்தூரா அங்கியின் கையை மடித்துவிட்டபடி வறண்ட குழாய் முன்னால் நின்றார். நான் ஓடிப் போனேன். "மாய் மாஃபி" என்றார், தண்ணீர் இல்லை என்று. வேறொரு வார்த்தை இல்லை. அந்த மடித்த கை எனக்கு இன்னும் மறக்கவில்லை.

டேங்கர் வண்டிக்குச் சொன்னால் அரை மணி நேரத்தில் தண்ணீர் வந்துவிடும். ஆனால் அதற்கு அர்பாப்பிடம் கேட்க வேண்டும். ஒரு குழிக்கு இவ்வளவு தண்ணீரா, சரியான ஆளைத்தான் பிடித்தாயா என்று கேட்பார். ஏற்கெனவே மெதுவு என்றவர். நான் ஓஸை மூடினேன். ஈரம் தானாகப் பரவும், மூன்று பக்கம் ஊறினால் நாலாவது பக்கம் எங்கே போய்விடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

இதோடு விட்டிருந்தால் சோம்பேறித்தனம் என்று சொல்லிவிடலாம். மறுநாள் காலை ஐந்தரைக்கு எழுந்து, சுவர்ப் பக்கம் மட்டும் பத்து நிமிஷம் ஓஸைப் பிடித்து மேல் மணலை நனைத்தேன். மற்ற மூன்று பக்கம் எந்தக் கலரில் இருந்ததோ அந்தக் கலர் வரும் வரைக்கும் நனைத்தேன். அது ஏமாற்று. வேறு பெயர் அதற்கு இல்லை.

ஆறு மணிக்குப் பாய் வண்டியோடு வந்தார். கூட ஒரு ஆள். சிவகங்கைப் பக்கத்துக்காரர், என்னைவிட நாலைந்து வயசு மூத்தவர், வெயிலில் வெந்த உடம்பு, வாய் மட்டும் ஓயாது. என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "தமிழா அப்பு? உங்க ஏசி ரூம்ல கொஞ்சம் குளுரை டப்பால போட்டுக் குடுங்க, மத்தியானம் மோந்து பாத்துக்கிறேன்" என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

பாய் நாலு பக்கமும் நடந்து குதிகாலால் அழுத்திப் பார்த்தார். எல்லாப் பக்கமும் கறுப்பாக ஈரம். என்னிடம் கேட்டார், "சாரோ தரஃப்?" நாலு பக்கமுமா என்று.

"ஃபுல் பாய்" என்றேன்.

கோடைக் காலத்தில் இங்கே மத்தியானம் பன்னிரண்டரையிலிருந்து மூன்று மணி வரை யாரும் வெயிலில் வேலை செய்யக்கூடாது என்று சட்டம். அதற்குள் குழி வெட்டி, காங்கிரீட் உறைகளை இறக்கிவிட வேண்டும் என்பது பாயின் கணக்கு. உறை இறங்கிவிட்டால் மண் சரிந்தாலும் கவலை இல்லை. வெறும் குழியாக நிற்கிற அந்தக் கொஞ்ச நேரம்தான் ஆபத்து. இதையும் அவர் எனக்கு முன்பே சொல்லியிருந்தார்.

ஒன்பதரைக்குக் குழி ஒன்றரை ஆள் ஆழம் வந்துவிட்டது. குழியின் மூன்று பக்கமும் நனைந்த செங்கல் மாதிரி நின்றது. கிழக்கு வெயில் பாயின் முகத்தில் நேராக அடித்தது. காம்பவுண்ட் சுவர் நிழலில் இருந்த அந்த நாலாவது பக்கம் அவருக்குச் சரியாகத் தெரியவில்லை. ஆனால் கடைசியாக வந்த இரண்டு மூன்று பக்கெட் மணல் வெளுப்பாக இருந்தது. அவர் வண்டியை விட்டு இறங்கி, அதை ஒரு பிடி அள்ளினார். விரல் நடுவே ஓடியது. என்னைப் பார்த்தார்.

"சுவர்ப் பக்கம் விட்டேல்ல?"

அப்போதாவது சொல்லியிருக்கலாம். வாயைத் திறந்தால் போதும். "விட்டேன் பாய். நாலு மணி நேரம்" என்றேன். அவர் சொன்ன அதே கணக்கை அவருக்கே திருப்பிச் சொன்னேன்.

"அடியில இறங்கலை போல" என்று முனகினார். அந்த நேரம் அவர் போன் அடித்தது. உறை ஏற்றி வந்த லாரி ரவுண்டானாவில் வழி தவறி நிற்கிறது. ரோட்டுக்குப் போய்க் கைகாட்ட வேண்டும். இறங்கத் தயாராக நின்ற சிவகங்கைக்காரரிடம், "அடியை மட்டும் சமம் பண்ணு. பத்து நிமிஷம். உடனே மேல வந்துடு" என்று சொல்லிவிட்டு, மிஷினை ஆஃப் பண்ணாமலே வாசல் கேட் பக்கம் போனார்.

சிவகங்கைக்காரர் ஏணியை எடுத்தார். அலுமினிய ஏணி. வெயிலில் வைத்தால் பிடிக்க முடியாது, கை பொசுங்கிவிடும். அதனால் நிழல் விழுந்த பக்கமாகப் பார்த்துச் சாய்த்தார். நிழல் இருந்தது சுவர்ப் பக்கம்.

நான் பார்த்துக்கொண்டுதான் நின்றேன்.

அவர் கீழே போய் மண்வெட்டியால் சமம் பண்ண ஆரம்பித்தார். "அப்பு, அரபி கக்கூஸுக்குக் குழி வெட்டுறதுக்கு சிவகங்கைல இருந்து விசா எடுத்து வந்திருக்கேன். எங்க ஊர்ல சொன்னா நம்புவாய்ங்களா?" என்று சத்தமாகக் கேட்டார்.  என் கண் சுவர்ப் பக்கத்து மண்ணில் இருந்தது. மேலே ஒரு முழம் கறுப்பு. அதற்குக் கீழே எல்லாம் வெளுப்பு. கறுப்பும் வெளுப்பும் சேருகிற கோட்டில் ஒரு இடத்தில் மணல் ஒழுகியது. அரிசி மூட்டையில் பூச்சி ஓட்டை போட்டால் ஒழுகுமே, அந்த அளவுதான். ஒழுகியது, நின்றது, மறுபடி ஒழுகியது.

அவரை மேலே வர வைத்துவிட்டால் போதும், நான் செய்ததை யாருக்கும் சொல்ல வேண்டாம் என்று நினைத்தேன்.

"அண்ணே, உங்களுக்குப் போட்ட சாயா ஆறுது. மேல வந்து குடிச்சிட்டுப் போங்க."

"கயித்துல கட்டி இறக்கு அப்பு."

"கயிறு இல்லண்ணே. மேல வாங்க."

"அப்ப நீயே குடி. ஏசில வளந்த உடம்பு, வெளிய நின்னா வாடிரும்."

மணல் இப்போது நிற்காமல் ஒழுகியது. இரண்டு இடத்தில்.

"அண்ணே, பாய் கூப்பிடுறார். வாசல் கேட்டுகிட்ட."

"அவரு கூப்பிட்டா மசாஃபி ஊரு வரைக்கும் கேக்கும். எனக்குக் கேக்கலையே" என்று சிரித்தார். "என்ன அப்பு, புது மாப்பிள்ளைய மறுவீட்டுக்கு அழைக்கிற மாதிரி விடாம அழைக்கிற? பேசாம நில்லு, முடிச்சிட்டு வந்துர்றேன்."

மிஷின் திடுதிடு என்று ஓடிக்கொண்டிருந்தது. அந்த அதிர்வு என் கால் வழியாக ஏறுவது எனக்குத் தெரிந்தது. சொல்லிவிட்டால் பாய்க்குத் தெரியும். பாய்க்குத் தெரிந்தால் அர்பாப்புக்குத் தெரியும். லீவு போய்விடும். பிள்ளைகள் காத்திருக்கிறார்கள், அவர்களுக்காகத்தான் வாயை மூடி நிற்கிறேன் என்று அப்போது நினைத்தேன். அது உண்மை இல்லை. எனக்குப் பயம், வெட்கம். அதற்கு முன்னால் உங்கள் இரண்டு பேரையும் நிறுத்தி வைத்து மறைந்துகொண்டேன். இதை எழுதும்போதுதான் ரொம்பக் கஷ்டமாக இருக்கிறது.

சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்கு ஒரு துண்டு கழன்று, சத்தமில்லாமல் கீழே விழுந்தது. அவர் திரும்பிப் பார்த்தார். சமம் பண்ணின இடம் கெட்டுப்போயிற்றே என்று உச்சுக்கொட்டிவிட்டு, விழுந்த மணலை அள்ளுவதற்காக மண்வெட்டியோடு அந்தப் பக்கம் இரண்டு எட்டு வைத்தார்.

"அண்ணே, போகாதீங்க! அந்தப் பக்கம் நான் தண்ணியே விடல! காலைல மேல மட்டும் நனைச்சு வச்சேன்! உள்ள எல்லாம் தூள் மண்ணு!"

என் குரல் எனக்கே அடையாளம் தெரியவில்லை.

அவர் அப்படியே நின்றார். முகத்தில் இருந்த சிரிப்பு போய்விட்டது. "எந்தப் பக்கம்?" என்றார்.

"ஏணி இருக்கிற பக்கம்."

திட்டவில்லை. மேலே பார்க்கக்கூட இல்லை. தூங்குகிற பிள்ளையின் பக்கத்தில் பாத்திரத்தை வைப்பது போல மண்வெட்டியை மெல்லத் தரையில் வைத்தார். பின்பக்கமாகவே நடந்து குழியின் மேற்குச் சுவரில் முதுகை ஒட்டிக்கொண்டார். அவருக்கும் ஏணிக்கும் நடுவில் ஏழெட்டு அடி. அதில் கால் வைத்தால் அவருடைய பாரம் முழுக்க அந்த வெளுத்த மண்மேல்தான் விழும். அது எங்கள் இரண்டு பேருக்கும் தெரிந்தது.

என் கத்தல் ரோடு வரை போயிருக்க வேண்டும். பாய் ஓடி வந்தார். குழிக்குப் பத்தடி இருக்கும்போது சட்டென்று ஓட்டத்தை நிறுத்தி, பூனை நடையாக வந்தார். எட்டிப் பார்த்தார். நான் இந்தியில் இரண்டே வாக்கியத்தில் சொன்னேன். என்னைத் திரும்பிப் பார்க்காமலே, "சாவியைத் திருப்பு" என்றார்.

மிஷினில் ஏறி சாவியைத் திருப்பினேன். சத்தம் நின்றது. நின்ற பிறகுதான் மணல் ஒழுகுகிற சத்தம் காதில் விழுந்தது. காகிதத்தை மெல்ல உரசுவது மாதிரி ஒரு சத்தம்.

"வேற ஏணி இருக்கா?"

ஸ்டோர் ரூமில் ஏசிக்காரர்கள் விட்டுப்போன மர ஏணி இருந்தது. ஓடினேன். பூட்டியிருந்தது. சாவிக்கொத்தில் ஏழு சாவி. தினமும் திறக்கிற பூட்டுதான். முதல் சாவி சேரவில்லை. இரண்டாவதும் சேரவில்லை. கையை ஒரு தடவை சுவரில் ஓங்கி அடித்தேன். மூன்றாவது சாவி திரும்பியது. ஏணியை இழுத்துத் தோளில் போட்டுக்கொண்டு வந்தபோது, குழியிலிருந்து சத்தம் வருகிறதா என்று கேட்டுக்கொண்டே வந்தேன். எந்தச் சத்தமும் வரவில்லை. அதுதான் இன்னும் பயமாக இருந்தது.

அவர் அப்படியேதான் நின்றிருந்தார். வாய் மட்டும் என்னவோ முணுமுணுத்துக்கொண்டிருந்தது.

பாய் மேற்குப் பக்கம் குப்புறப் படுத்தார். என்னையும் படுக்கச் சொன்னார். பாரம் ஒரே இடத்தில் விழக்கூடாது என்பதற்காக. இரண்டு பேரும் ஏணியை அங்குலம் அங்குலமாக இறக்கினோம். அது அடியைத் தொட்டதும் பாய், "ஆஹிஸ்தா" என்றார், மெதுவாக என்று. சிவகங்கைக்காரர் திரும்பி முதல் படியில் கால் வைத்தார். இரண்டாவது படி. மூன்றாவது படி. நாலாவது படியில் அவர் தலை எங்கள் கைக்கு எட்டுகிற உயரத்துக்கு வந்தபோது, எதிர்ப்பக்கம் அப்படியே உட்கார்ந்தது.

சத்தமே இல்லை. காற்று மட்டும் முகத்தில் அடித்தது. புழுதி கண்ணை மறைத்தது. ஏணி என் கையில் குலுங்கி, பிறகு எதிலோ பிடித்து இறுகியது. "பக்டோ!" என்று பாய் கத்தினார், பிடி என்று. நான் கண்ணை மூடிக்கொண்டே துழாவினேன். ஒரு மணிக்கட்டு கிடைத்தது. இரண்டு கையாலும் பிடித்தேன். மறு கையைப் பாய் பிடித்திருந்தார். சிவகங்கைக்காரருடைய கால் முட்டி வரை மணலுக்குள் போய்விட்டது. மணல் ஆளை உள்ளே இழுப்பது எப்படி இருக்கும் என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன். இழுத்தோம். வரவில்லை. மறுபடி இழுத்தோம். ஒரு கால் வந்தது. இன்னொரு கால் பூட்ஸைக் கீழே விட்டுவிட்டு வந்தது.

மூன்று பேரும் ஊர்ந்தே தள்ளி வந்து விழுந்தோம். அந்த நேரம் காம்பவுண்ட் சுவரில் "டக்" என்று ஒரு சத்தம். மேலிருந்து கீழே வரைக்கும் ஒரு விரிசல் ஓடியது.

புழுதி அடங்கிய பிறகு குழியைப் பார்த்தேன். அலுமினிய ஏணியைக் காணவே இல்லை. அவர் நின்றிருந்த இடத்தில் மணல் என் நெஞ்சு உயரத்துக்குக் கிடந்தது.

சிவகங்கைக்காரர் எச்சிலோடு மணலைத் துப்பினார். இரண்டு தடவை துப்பினார். பிறகு, "அப்பு, அந்த சாயா இருக்கா?" என்றார்.

கொடுத்தேன்.  பாதி சட்டையில் ஊற்றிக்கொண்டார். மீதியைக் குடித்துவிட்டு, "உனக்கு எத்தனை புள்ளைங்க?" என்று கேட்டார்.

"ரெண்டுண்ணே."

"எனக்கு மூணு" என்றார். அதற்கு மேல் அன்றைக்கு முழுக்க என்னோடு அவர் பேசவில்லை. கேலி பண்ணவும் இல்லை.

பாய் எழுந்து சட்டையைத் தட்டினார். அவர் அடிப்பார் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். "தண்ணி இல்லேன்னா இல்லேன்னு சொல்லியிருக்கலாமே" என்றார். "அந்தப் பக்கத்தைச் சாய்ச்சு வெட்டியிருப்பேன். ஒரு மணி நேரம் கூட ஆகியிருக்கும். அவ்வளவுதான்."

ஒரு மணி நேரம். அதை நான் எத்தனையோ தடவை நினைத்துப் பார்த்திருக்கிறேன்.

பன்னிரண்டு மணிக்கு அர்பாப் வந்தார். "நீ சொல்றியா, நான் சொல்லவா?" என்று பாய் கேட்டார். நானே சொல்கிறேன் என்றேன். எனக்குத் தெரிந்த அரைகுறை அரபியில், தொட்டியில் ஒரு சாண் தண்ணீர் இருந்ததிலிருந்து காலையில் மேலே நனைத்தது வரை எல்லாவற்றையும் சொன்னேன். அவர் சுவர் விரிசலைத்தான் முதலில் பார்ப்பார் என்று நினைத்தேன். "அந்த ஆள் எங்கே?" என்று கேட்டார். நிழலில் ஒற்றைப் பூட்ஸோடு உட்கார்ந்திருந்தவரிடம் போய், கையைப் பிடித்துப் பார்த்துவிட்டு வந்தார். பிறகு என்னிடம், "எனக்கு ஒரு போன் பண்ண எவ்வளவு நேரம் ஆகும்?" என்றார். குரல் உயரவில்லை. "டேங்கருக்குச் சொல்லியிருப்பேனே."

பிறகுதான் விரிசல் விட்ட சுவரைப் பார்த்தார்.

"சுவர் கட்டி முடியட்டும். பிறகு லீவு. கலாஸ், அவ்வளவுதான்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

சுவருக்கு மறுபடி பேப்பர், மறுபடி ஆள். முடிவதற்குள் உங்கள் பள்ளிக்கூடம் திறந்து இரண்டு வாரம் ஆகிவிட்டது. சுவரைப் பற்றிச் சொன்னால் மண்ணைப் பற்றிச் சொல்ல வேண்டும். அதனால் டிக்கெட் என்றேன். அந்த ஸ்கூல் பையை அரையாண்டு லீவுக்குத்தான் கொண்டு வந்தேன். பாப்பா கோபத்தை மறந்து அதை வீடு முழுக்க உருட்டிக்கொண்டு திரிந்தாள். அப்போதும் என்னால் சொல்ல முடியவில்லை.

குழி சரிந்த அன்றைக்கே பாய் போகும்போது, சரிந்த குழியை மூடிவிட்டு வேறு பக்கத்தில், சுவரை விட்டுப் பன்னிரண்டு அடி தள்ளி, சாய்வாக வெட்டலாம் என்று புதிதாகக் கோடு போட்டார். வேலையை விட்டுவிட்டுப் போய்விடுவார் என்று நினைத்திருந்தேன். அவர் விடவில்லை. "சாய்ச்சு வெட்டினாலும் தண்ணி வேணும்" என்று மட்டும் சொன்னார். எவ்வளவு நேரம் விட வேண்டும் என்று இந்தத் தடவை சொல்லவில்லை.

சாயங்காலம் டேங்கர் வந்து தொட்டியை நிரப்பிவிட்டுப் போனது. எல்லோரும் போய்விட்டார்கள். வீட்டுக்காரர்கள் உள்ளே. நான் புதுக் கோட்டின் கிழக்குப் பக்கத்தில் ஓஸைப் போட்டுத் தண்ணீரைத் திறந்தேன். மணல் கறுத்தது. கறுத்ததை நான் நம்பவில்லை. அங்கேயே உட்கார்ந்திருந்தேன். ரொம்ப நேரம் கழித்து ஓஸைத் தள்ளி வைத்துவிட்டு, சட்டைக் கையைத் தோள் வரை மடித்து, மணலில் படுத்து, விரலால் தோண்டித் தோண்டிக் கையை உள்ளே விட்டேன். முழங்கை வரை ஈரம். இன்னும் விட்டேன். தோள் மணலைத் தொட்டது. விரல் நுனியில் காய்ந்த மணல் பட்டது.

கையை உருவிக்கொண்டேன். ஓஸை எடுத்து மறுபடி அதே இடத்தில் போட்டேன்.